மேற்கு கேலரியில் ஒரு துண்டு

நவம்பர் 3, ஞாயிறு

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். மாலையில் சுறா அணியின் ரசிகர் கூட்டம்.

மண்டபத்தில் பஜ்ஜி, காபி எல்லாம் பலமாக இருந்தது. கூப்பிட்டு வைத்துப் பஜ்ஜி கொடுத்தால் பின்னாலேயே ஒரு கெட்ட செய்தி வரும். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே இதைக் கண்டிருக்கிறேன். தென்னக கூடைப்பந்து லீக்கில் போன வருடம் எங்கள் தூத்துக்குடி அணிக்குக் கடைசிக்கு முந்தின இடம். இந்த வருடம் கடைசி இடத்துக்குப் போனால் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிடுவார்கள். அதனால் அணியை 'ரீபில்டு' பண்ணப் போகிறோம் என்றார் பெங்களூரிலிருந்து வந்திருக்கும் புது மேனேஜர். பழைய ஆட்களை விட்டுவிட்டு இளைஞர்களை எடுக்கிறார்களாம். கேப்டன் வேதமுத்துவைக் கோவை அணி கேட்கிறதாம். கொடுத்துவிடலாம் என்று நினைக்கிற ரசிகர்கள் கை தூக்குங்கள் என்றார்.

நான் தூக்கினேன். வேதமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. முழங்காலில் இரண்டு ஆபரேஷன். பாசம் வேறு, பாயிண்ட் வேறு.

பக்கத்தில் தொபியாஸ் உட்கார்ந்திருந்தான். என் மனைவி ரெஜினாவின் அண்ணன். அந்த உறவுக்கு முன்பே என் கூட்டாளி. பள்ளிக்கூட அணியில் அவன் சென்டர், நான் பெஞ்ச்.

"கைய எறக்குல," என்றான்.

"எதுக்கு?"

"வேதாவ விக்கதுக்குக் கை தூக்குத. நாளைக்கு என்னையும் வித்துருவ போல."

"ஒன்ன எவன் மச்சான் வாங்குவான்?" என்றேன்.

சிரிப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன். எழுந்து போய்விட்டான். பஜ்ஜியைக்கூட முடிக்கவில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தொபியாஸ் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. இனி அவனைப் பற்றி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

நவம்பர் 16, சனி

சீசனின் முதல் ஆட்டம். வேதமுத்து கோவைக்குப் போய்விட்டான். தோல்வி.

எங்கள் மைதானத்துக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது. கிழக்கே நாலு எட்டில் கடல். இரண்டு பக்கமும் சிமெண்டுப் படிகள்தான் கேலரி. மேற்கு கேலரிக்காரர்கள் கடலைப் பார்த்து உட்காருவோம். கிழக்கு கேலரியில் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் மூஞ்சியில் அடிக்கும். புத்தியுள்ளவன் எவனும் அங்கே போக மாட்டான். நானும் தொபியாஸும் மேற்கில் நாலாவது படி, தூணுக்குப் பக்கத்தில். முதலில் வருகிறவன் துண்டைப் போட்டு மற்றவனுக்கு இடம் பிடிப்பான். சுறா அணி வெறும் கிளப்பாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்கெல்லாம் கூரையும் கிடையாது. மழை வந்தால் அதே துண்டு இரண்டு தலைக்கும் குடை.

இன்றும் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் துண்டைப் போட்டேன். கை பழகிவிட்டது, அவ்வளவுதான். தவிர, காலை நீட்டி உட்கார வசதி.

முதல் தர்மத்துக்கே சிரிப்பு வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஃபவுல் ஆனால் கோட்டில் நிறுத்தி, யாரும் தடுக்காமல் பந்தைப் போட விடுவார்கள் இல்லையா, அதற்கு எங்கள் பி.டி. வாத்தியார் 'இலவச எறி' என்று பெயர் சொல்லிக் கொடுத்தார். "இலவசம் என்னா சார், தர்மம்னு சொல்லுங்க," என்றான் அன்றைக்கு டவுசர் போட்டிருந்த தொபியாஸ். அது பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஊருக்கே வந்துவிட்டது. எங்கள் ஆள் தர்மம் போட நின்றால் கேலரியில் கடலை உடைக்கிற சத்தம்கூடக் கேட்காது. எதிராளி நின்றாலோ, வாசலில் தர்மம் கேட்டு நிற்பவர்களிடம் சொல்வதுபோல மொத்தக் கேலரியும் சேர்ந்து கத்தும்: "சில்லறை இல்லே!" பாதிப் பேர் சிரித்தே பந்தைக் கோட்டை விடுவார்கள். அதையும் ஆரம்பித்தவன் தொபியாஸ்தான்.

பாதி ஆட்டத்தில்தான் அவனைப் பார்த்தேன். கிழக்கு கேலரியில் தனியாக, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு துண்டு விரித்திருந்தது. அதற்குள் புது ஆள் பிடித்துவிட்டான் போலிருக்கிறது. நல்லது.

டிசம்பர் 1, ஞாயிறு

மறுபடியும் தோல்வி. எங்கள் பையன்கள் நல்ல உயரம், நல்ல ஓட்டம். ஆனால் தூரத்திலிருந்து எறிகிற பந்தெல்லாம் ரிங்கைத் தாண்டிப் போகிறது. வாடைக்காற்று அடிக்கிற மாதம். கடலிலிருந்து வருகிற காற்றுக்கு இங்கே தடுப்பு இல்லை. வேதமுத்து எறிவதற்கு முன்னால் கண்ணை லேசாக மூடுவான். சாமி கும்பிடுகிறான் என்று நினைத்திருந்தோம். ஒரு நாள் தொபியாஸ் அவனிடமே கேட்டான். "இல்லண்ணே, காத்து எந்தக் காதுல படுதுன்னு பாப்பேன்," என்றான்.

வேதமுத்து முதல் ஆட்டத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. குச்சி மாதிரி இருந்தான். யாரோ கொடுத்த ஷூ, ஒரு சைஸ் பெரியது. ஓடும்போது டப் டப் என்று சத்தம் வரும். "எலே மச்சான், வாத்து வருது பாரு," என்றேன். "இருந்து பாருல, வாத்து நீந்தும்," என்றான் தொபியாஸ். அன்றைக்கு வாத்து எங்களை ஜெயிக்க வைத்தது. வீட்டுக்குப் போகிற வழியில் மக்ரூன் வாங்கி, பொட்டலம் வீடு சேருவதற்குள் இருவரும் தின்று தீர்த்தோம். ரெஜினாவிடம் வெறும் காகிதத்தைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

கிழக்கு கேலரியில் தொபியாஸின் துண்டுக்காரன் இன்றும் வரவில்லை. நேரம் தவறுகிறவனையெல்லாம் நம்பி உட்கார்ந்திருக்கிறான்.

டிசம்பர் 12, வியாழன்

அலமாரியைச் சுத்தம் பண்ணினேன். பழைய தொப்பி ஒன்று சும்மா கிடந்தது. நல்ல தொப்பி, முன்பக்கம் நீளமானது, கண்ணில் வெயில் விழாது. ரெஜினாவிடம் கொடுத்து, "யாருக்காவது குடு," என்றேன்.

"யாருக்குக் குடுக்க?" என்றாள்.

"யாருக்காவது."

"எங்க அண்ணனுக்குக் குடுக்கட்டா?"

"ஒன் இஷ்டம்," என்றேன்.

டிசம்பர் 14, சனி

தோல்வி. தொப்பி அவனுக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். தொபியாஸ் வராமல் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாடு நடந்ததில்லை. இந்த வருடம் வர மாட்டான் என்று ரெஜினா காலையிலிருந்து மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். பதினோரு மணிக்குக் கேக்கோடு வந்து நின்றான். என்னைப் பார்க்காமல் நேரே அடுக்களைக்குப் போனான்.

சாப்பிட எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆட்டுக்கறிக் குழம்பு என் பக்கம் இருந்தது.

"ரெஜினா, ஒங்கண்ணனுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு," என்றேன்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லு," என்றான் அவன்.

"அவன் தட்டு காஞ்சு கெடக்குன்னு சொல்லு."

"அந்த வாத்துப்பய இருந்திருந்தா இந்நேரம் நம்ம டீம் நாலு மேட்ச் ஜெயிச்சிருக்கும்னு சொல்லு."

"கொழம்பப் பத்திப் பேசச் சொல்லு."

ரெஜினா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "ரெண்டு பேரும் பேரன் பேத்தி எடுத்தாச்சு. எனக்குத் தபால்காரி உத்தியோகம் குடுத்திருக்கியளோ? நான் கோயிலுக்குப் போறேன். குடிக்கத் தண்ணி வேணும்னா மோந்து குடிங்க," என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் போனதும் குழம்புச் சட்டியை அவன் பக்கம் தள்ளினேன். ஊற்றிக்கொண்டான். கை கழுவிவிட்டுப் போய்விட்டான்.

ஜனவரி 11, சனி

ஜெயித்துவிட்டோம். முதல் வெற்றி. தேனிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் முகிலன் என்ற பையன் தனியாளாகப் பின்னி எடுத்துவிட்டான். இரண்டு மாதம் காற்றில் அடி வாங்கியவன் இன்று பந்தைத் தாழ்வாக எறிந்தான், காற்று தொடுவதற்கு முன்னால் ரிங்குக்குள் போனது. அதுவும் ஒரு வழிதான். நான்கூடக் கைதட்டினேன்.

எதிரே தொபியாஸ் எழுந்து நின்று தொப்பியைச் சுழற்றினான். ரீபில்டு வேண்டாம் என்று பஜ்ஜியை விட்டுப் போனவன்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா சொன்னாள்: "அண்ணன் போன் பண்ணுனான். அந்த முகிலன் பயல வாய் ஓயாமப் புகழுதான். வேதாவ விட இவன் நல்லா வருவானாம்."

எனக்கு என்னவோபோல் இருந்தது. வேதாவை விட என்று எப்படிச் சொல்லலாம்? அந்தப் பையன் இப்போதுதான் ஒரு ஆட்டம் ஜெயித்திருக்கிறான்.

ஜனவரி 26, ஞாயிறு

மோட்டார் ரிப்பேர். மதியம் கோவை அணியின் ஆட்டத்தைப் போனில் பார்த்தேன். எதிராளியின் உத்தியைத் தெரிந்துகொள்ளத்தான். வேதமுத்துவுக்குக் கால்பங்கு நேரம்தான் ஆடக் கொடுக்கிறார்கள். பச்சை சட்டை அவனுக்குப் பொருந்தவே இல்லை.

பிப்ரவரி 8, சனி

தோல்வி. கேலரியில் இடம் நிறையக் காலி. ஆனாலும் என் துண்டின் மேல் ஒருவர் உட்காரப் பார்த்தார். "ஆள் வருது," என்றேன். "சீசன் ஆரம்பத்துலருந்து வருதுன்னு சொல்லுதிய," என்றார். அவருக்கு ஏன் இந்த வம்பு?

இன்று ஆட்டத்தைவிடப் பழைய ஃபைனல்தான் மனதில் ஓடியது. சுறா அணி ஒரே ஒரு முறை கோப்பை வாங்கிய வருடம். கடைசியில் வேதமுத்துவுக்கு இரண்டு தர்மம். ஒன்று போட்டால் சமம், இரண்டும் போட்டால் கோப்பை. இந்தக் கேலரி முழுக்க ஜனம். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது, அதற்கும் "உஷ்" சொன்னான் தொபியாஸ். வேதமுத்து அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இரண்டையும் போட்டான். தொபியாஸ் கத்திய கத்தலில் ஒரு வாரம் குரல் இல்லை. அவன் வேலை பார்த்த ஐஸ் ஃபேக்டரியில் ஆட்களுக்கு ஜாடையிலேயே வேலை சொன்னானாம். அந்த ஒரு வாரம்தான் நான் பேச அவன் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த மாதிரி ஒரு சாயங்காலம் இனி வரப் போவதில்லை. வேண்டுமானால் வேறு மாதிரி வரும்.

பிப்ரவரி 24, திங்கள்

சனிக்கிழமை கடைசி ஆட்டம். பட்டியலில் நாங்களும் இன்னொரு அணியும் அடிமட்டத்தில் சமமாக நிற்கிறோம். அவர்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள். நாங்கள் ஜெயித்தால் தங்குவோம். தோற்றால் பாயிண்ட் வித்தியாசத்தில் நாங்கள்தான் கடைசி, இரண்டாம் டிவிஷன். எதிராளி கோவை. வேதமுத்து வருகிறான்.

ரெஜினா இரண்டு பொட்டலம் கடலை வறுத்துக் கட்டித் தருவேன் என்கிறாள். ஒன்று போதும் என்றேன். கேட்காததுபோல இருந்துகொண்டாள்.

மார்ச் 1, சனி

இதைப் பொறுமையாக எழுத வேண்டும்.

கேலரி இரண்டும் நிரம்பியிருந்தது. துண்டைக் காப்பாற்றவே பெரும்பாடு. இரண்டாவது பொட்டலத்தை அதன் மேல் வைத்துவிட்டேன். வேதமுத்து பச்சை சட்டையில் உள்ளே வந்தபோது யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சிலர் கைதட்டினார்கள், சிலர் பாதியில் நிறுத்தினார்கள். அவன் எங்கள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினான். என் பக்கத்தில் இருந்த துண்டைப் பார்த்தான். பிறகு அங்குமிங்கும் தேடிவிட்டுக் கிழக்குப் பக்கம் பார்த்தான்.

ஆட்டம் நன்றாக இருந்தது. எங்கள் பையன்கள் ஓடினார்கள். முகிலன் தாழ்வாக எறிந்து எறிந்து கணக்கை ஏற்றினான். நவம்பரில் மேனேஜர் சொன்னது பொய்யில்லை, இது ஒரு அணியாகத்தான் ஆகியிருக்கிறது. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். கோவைக்காரர்கள் வேதமுத்துவை இறக்கினார்கள். பந்து அவன் கைக்குப் போனது. இந்த மைதானத்தில் அந்தப் பந்து வேறு எங்கே போகும்? அவன் கண்ணை லேசாக மூடினான். முகிலன் ஆசையில் பாய்ந்து கையில் தட்டிவிட்டான். விசில்.

நேரம் முடிந்தேவிட்டது. வேதமுத்துவுக்கு இரண்டு தர்மம்.

பழைய ஃபைனலில் நின்ற அதே கோடு. பந்தைத் தரையில் தட்டினான். இந்த இடத்தில்தான் நாங்கள் கத்த வேண்டும். சில்லறை இல்லே என்று கூரை பறக்கக் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் தங்குவோம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும்.

ஒருவரும் கத்தவில்லை. மேற்கு கேலரி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கடலை உடைக்கிற சத்தம்கூட இல்லை. பழக்க தோஷம். அந்தக் கோட்டில் அந்த ஆள் நின்றால் எங்கள் வாய் தானாக மூடிக்கொள்கிறது. எனக்கு முன்னால் இருந்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உஷ்," என்றது நான்தான். விற்பதற்குக் கை தூக்கியவனும் நான்தான். வேதமுத்து அங்கே நின்றபோது எனக்கு அழுகை வந்தது. எழுதிவிட்டேன்.

முதல் தர்மம் உள்ளே போனது. சமம்.

முகிலன் எங்கள் கேலரியைத் திரும்பிப் பார்த்தான். ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கை விரித்துக் கேட்டான் பாவம்.

இரண்டாவதுக்கு வேதமுத்து பந்தைத் தூக்கினான். அப்போது கிழக்கு கேலரியிலிருந்து ஒரே ஒரு குரல்.

"சில்லறை இல்லே!"

தொபியாஸ். எழுந்து நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கத் தன்னந்தனியாகக் கத்தினான். "சில்லறை இல்லே! போலே!" குரல் உடைந்தே போனது.

வேதமுத்து பந்தை இறக்கினான். அந்தக் கத்தலை எத்தனையோ பேருக்கு எதிராகக் கேட்டிருப்பான், தனக்கு எதிராக இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தான். கப்பலுக்கு உஷ் சொன்ன அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தான். சிரித்துக்கொண்டே போட்டான். உள்ளே போனது.

தோற்றுவிட்டோம். இரண்டாம் டிவிஷன்.

கூட்டம் கலைந்தது. நான் எழுந்திருக்கவில்லை. தொபியாஸ் மைதானத்தின் குறுக்கே நேராக என்னை நோக்கி வந்தான். நாலு படி ஏறி மூச்சு வாங்க நின்றான்.

"ஏம்ல கத்தல?"

"நீ ஏம்ல கத்துன?"

"நம்ம டீம்லா."

"நம்ம வேதாலா," என்றேன்.

முறைத்தான். "ஒன்னாலதாம்ல தோத்தோம். மேற்கு கேலரி கத்தியிருந்தா அவன் விட்டிருப்பான்."

"அவன் விட மாட்டான். நீ கத்துனதுலதான் ரெண்டாவத இன்னும் நல்லாப் போட்டான்."

"நீதானல அவன விக்கச் சொன்ன?"

"நீதானல முகிலன் அவன விட நல்லா வருவான்னு சொன்ன?"

"அது எப்பிடி ஒனக்குத் தெரியும்?" என்றான். பிறகு கீழே பார்த்தான். கடலைப் பொட்டலத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தான். தூணில் சாய்ந்து, அவன் எப்போதும் உட்காருகிற மாதிரி.

கடலையை உடைத்துத் தின்று முடித்தோம். கடல் பக்கம் லைட் போட்டிருந்தார்கள்.

"என் துண்ட அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்," என்றான்.

இருவரும் கிழக்கு கேலரிக்குப் போனோம். அவன் இடத்துக்குப் பக்கத்தில் துண்டு மடிப்புக் கலையாமல் விரித்தபடி கிடந்தது. யாரும் அதில் உட்கார்ந்த சுவடே இல்லை.

"யாருக்கு மச்சான் இடம் போட்டிருந்த?" என்று கேட்டேன். "ஒரு நாளும் அந்த ஆள நான் பாக்கலயே."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஒரு கழுதைக்கு," என்றான். "சீசன் முழுக்க எதுத்தாப்லயே உக்காந்திருந்துச்சு. வரவேயில்ல."

மார்ச் 2, ஞாயிறு

தொபியாஸுக்குக் குரல் போய்விட்டது. நான் பேசினேன், அவன் கேட்டுக்கொண்டிருந்தான். ரெஜினா மீன்குழம்பு வைத்தாள். கொடியில் இரண்டு துண்டு காய்கிறது.

நவம்பர் 8, சனி

இரண்டாம் டிவிஷனில் முதல் ஆட்டம். முகிலன்தான் கேப்டன். எதிராளி யாரென்றே தெரியாத ஒரு ஊர் அணி. எதிராளியின் முதல் தர்மத்துக்குக் கத்தியதே நாங்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். அந்தப் பையன் ஒன்றும் புரியாமல் விழித்து, பந்தைக் கோட்டை விட்டான்.

நான்தான் முதலில் போனேன். மேற்கு கேலரியில் ஈ, காக்கை இல்லை. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நாலாவது படிக்குப் போய், தூணுக்குப் பக்கத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன்.